ஓபியோலைட் மாங்கனீசுக் கற்பேழை: கற்கள் நன்று, விளக்கத்தாள் போதாது

காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்குக் கனிமவியல் கற்பிக்கும் எனக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. எங்களைச் சுற்றியிருப்பது செம்புராங்கல் நிலம்; கடலடியில் பிறந்து கண்டத்தின் விளிம்பில் ஏற்றப்பட்ட ஓபியோலைட் பாறைகளை நேரில் காண, அந்தமானுக்கோ நாகாலாந்து, மணிப்பூர் மலைகளுக்கோ செல்ல வேண்டும். அதனால்தான் எட்டுக் கற்கள் அடங்கிய இந்தப் பேழையை அஞ்சலில் வரவழைத்தேன்.

மாங்கனீசுத் தாதுவை மட்டும் தனியே தராமல், அது பிறந்த பாறைகளையும் சேர்த்துத் தந்திருப்பதே இதன் பெருஞ்சிறப்பு. மூடகப் பாறை நீரால் மாறி உருவான செர்பென்டினைட், ஆழத்தில் மெல்ல உறைந்த காப்ரோ, எரிமலைக் குழம்பு தலையணை வடிவில் உறைந்த பசால்ட், அதன்மேல் படிந்த சிலிகாப் பாறையான சிவப்புச் செர்ட் என்று அடுக்கி வைத்தால், பழைய கடற்தளத்தின் குறுக்குவெட்டே மேசைமேல் வந்துவிடுகிறது. எஞ்சிய நான்கும் தாதுக்கள். அவற்றுள் ஒன்றில், ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் சிலிகா ஓடுகளால் ஆன செர்ட்டுக்கு நடுவே பிரவுனைட் என்னும் மாங்கனீசுக் கனிமம் கரும்பட்டையாக ஓடுகிறது. இத்தாலியின் லிகூரியாவில் உள்ள காம்பதேசா சுரங்கத்தின் தாதுவும் இவ்வாறு செர்ட்டுக்குள் அமைந்ததே என்பதால், இந்த ஒரு கல்லைக் கொண்டே ஒரு வகுப்பு முழுவதும் நடத்த முடிந்தது.

பெயர்ச்சீட்டுகளை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரில் பதித்த ஜப்பான் ஓடுகளுள் உடைந்த ஒன்றை எடுத்து, மெருகு பூசாத அதன் பின்புறத்தில் ஒவ்வொரு தாதுவையும் உரசி, விழும் கோட்டின் நிறத்தைப் பார்த்தோம். பைரோலுசைட் என்னும் மாங்கனீசுக் கனிமத்தின் பெயர் எழுதியிருந்த கல், அதற்குரிய கருங்கோட்டுக்குப் பதிலாகச் செம்பழுப்புக் கோட்டை இழுத்தது. அது வேறு மாங்கனீசுக் கனிமங்களான ஹாஸ்மனைட்டாகவோ மாங்கனைட்டாகவோ இருக்கலாம். எக்ஸ் கதிர்ச் சோதனையின்றி அதை முடிவு செய்ய இயலாது. பைரோலுசைட் தூய நிலையில் 63 விழுக்காடு மாங்கனீசு கொண்டது என்று பாடம் நடத்திவிட்டு இந்தக் கல்லைக் காட்டினால் மாணவர் குழம்பிப்போவார்.

எனக்கு உண்மையில் மனக்குறை தந்தது வேதியியல் விளக்கத்தாள்தான். மாங்கனீசு, இரும்பு, சிலிகா ஆகிய மூன்றின் அளவுகளோடு அது நின்றுவிடுகிறது. தாது கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து விரைவாகப் படிந்ததா, கடல்நீரிலிருந்தே பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் மெல்ல வளர்ந்ததா என்பதுதானே இங்கே எழும் முதற்கேள்வி! மெல்ல வளர்ந்தது கோபால்ட், நிக்கல், செம்பு ஆகியவற்றை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும். அதில் மாங்கனீசும் இரும்பும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். சீரியம் என்னும் அருமண் தனிமமும் கூடுதலாகக் காணப்படும். வெந்நீரில் பிறந்ததில் இந்த உலோகங்கள் குறைவு, சீரியமும் குறைவு, மாங்கனீசு, இரும்பு இரண்டில் ஒன்றே வெகுவாக மிகுந்து நிற்கும். தாளில் உள்ள மாங்கனீசு, இரும்பு விகிதம் வெந்நீர்ப் பிறப்பையே சுட்டினாலும், மற்ற தனிமங்களின் அளவின்றி அதை உறுதிப்படுத்த வழியில்லை.

கற்கள் பஞ்சு சுற்றி, ஒன்றுகூட உடையாமல் வந்தன. பாறை அடுக்கைக் கண்முன் காட்ட விரும்பும் ஆசிரியர் தயங்காமல் வாங்கலாம். புவிவேதியியல் பயிற்சிக்காக வாங்க நினைப்பவர், மிகச் சிறு அளவில் இருக்கும் சுவடுத் தனிமங்களின் அளவுகளையும் தருவார்களா என்று விற்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.