காரைப் பார்த்தது போதும், ரிமோட்டைப் பாருங்கள்

"அக்கா, உங்க பொண்ணு வச்சிருக்கிற அந்த ரிமோட் கார் இப்போ ஆஃபர்ல வருது. என் பையனுக்கு வாங்கட்டுமா?" என்று அலுவலகத் தம்பி ஒருவர் கேட்டார். அவர் மகனுக்கு ஐந்து வயது. வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. சமீபத்தில்தான் அதே காரைப் பிரித்துப் போட்டு, உள்ளே இருந்த மின் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றி மறுபடி ஓட வைத்தேன். அதன் மேல் எனக்கு இருக்கும் பிரியமும் எரிச்சலும் இன்னும் ஆறவில்லை. அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விவரங்களை நீட்டவில்லை. நிஜ வண்டியில் 1/16 அளவு, நான்கு சக்கரமும் இழுக்கும், 390 ரக பிரஷ்டு (உள்ளே பிரஷ் வைத்த சாதாரண) மோட்டார், 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். "36 கி.மீ. வேகம்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அந்த டிரக் வகைதான். ஒரே சேசிஸ் (அடிச்சட்டம்) மேல்கூட்டையும் ஸ்டிக்கரையும் மாற்றிக்கொண்டு பல பெயர்களில் வருகிறது, அதனால் பெயர் இங்கே முக்கியமில்லை. மகளுக்கு ஏழு வயதில் வாங்கினோம், இப்போது அவளுக்கு ஒன்பது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் கோபத்தில் அது அமுங்கிப் போகக்கூடாது. இந்தக் காரின் உடம்பு அருமையான உடம்பு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேடையிலிருந்து குப்புற விழுந்திருக்கிறது. பார்க்கிங்கில் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் முழு வேகத்தில் மோதியிருக்கிறது. பெசன்ட் நகர் மணலில் ஓடியிருக்கிறது. இத்தனைக்கும் உடைந்தது முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒன்றுதான். அது ஜோடியாக, மலிவாகவே கிடைத்தது. ஒரு பின்னை உருவி, இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. மாட்டியது என் மகள். கடற்கரைக்குப் போய் வந்தால் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, பேரிங்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு துருவைக் கொண்டுவந்துவிடும். அச்சில் சுற்றிக்கொள்ளும் தலைமுடியை ட்வீசரால் எடுக்க வேண்டும். இதெல்லாம் இப்போது அவள் வேலை.

மோட்டார் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் சரியாகக் கவ்வாமல் கரகரவென்று சத்தம் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு மோட்டார் ஸ்குரூவை இறுக்கி, பிறகு சக்கரத்தை உருட்டிக் காகிதத்தை வெளியே எடுத்தால் தேவையான இடைவெளி தானாக வந்துவிடும். ஒருமுறைதான் காட்டினேன். இப்போது காரின் சத்தத்தை வைத்தே "பல்லு கடிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தில் காகிதம் கிழிக்கப் போகிறாள். ஒரு பொம்மையிடம் நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஒட்டுப் போட்டு மூடிய கார்களில் இந்தச் சந்தோஷம் கிடையாது, உடைந்தால் குப்பைக்குத்தான் போகும்.

சரி, இப்போது ரிமோட்.

யாரைக் கேட்டாலும் காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மோட்டார் என்ன, வேகம் என்ன, எவ்வளவு நேரம் ஓடும். ஆனால் குழந்தை கையில் இருப்பது கார் இல்லை. கார் பத்து அடி தள்ளி ஓடுகிறது, விளையாட்டு முழுக்க ரிமோட்டில் நடக்கிறது. அந்த ரிமோட்டை எந்தக் குழந்தையின் கையையும் மனதில் வைத்துச் செய்யவில்லை.

இது துப்பாக்கி வடிவ ரிமோட். இடது கையில் பிடித்து, ஆள்காட்டி விரலால் டிரிக்கரை இழுத்தால் முன்னே போகும், வெளியே தள்ளினால் பிரேக். வலப்பக்கத்தில் இருக்கும் நுரைச் சக்கரத்தை வலது கையால் திருப்ப வேண்டும். பெரியவர் கைக்கு மிக நல்ல ஏற்பாடு. ஏழு வயதுக் குழந்தையின் விரல் டிரிக்கரின் நுனியைத்தான் தொடும். இழுக்க முடிகிறது, தள்ள முடியவில்லை, அதாவது வண்டியை ஓட்ட முடிகிறது, நிறுத்த முடியவில்லை. கைப்பிடிக்குள்ளேயே பேட்டரிகள் இருப்பதால் கனம் வேறு. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு தொங்கும், ரிமோட்டைத் தொடையில் முட்டுக் கொடுப்பாள், அப்போது சக்கரம் திரும்பி வண்டி சுவரில் போய் நிற்கும்.

ரிவர்ஸ் இன்னொரு தொல்லை. முன்னே போகும்போது டிரிக்கரைத் தள்ளினால் பிரேக் மட்டும் பிடிக்கும். விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் பின்னால் வரும். வேகமாக ஓடும்போது பல்சக்கரம் உடையாமல் இருக்க இது தேவையான பாதுகாப்புதான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுவரில் முட்டி நிற்கும் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் ஒரு குழந்தை தவிக்கிறபோது அந்தக் காரணத்தை யாரிடம் போய் விளக்குவது?

அப்புறம் டிரிம். வண்டி நேராகப் போகச் சரிசெய்கிற ஒரு சின்னத் திருகு, ஸ்டீயரிங் சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது. குழந்தை சக்கரத்தைப் பற்றும்போதெல்லாம் கட்டைவிரல் அதில்தான் பட்டது. "அம்மா, கார் கோணலாப் போகுது" என்று கூப்பிடாத நாளே இல்லை. நான் நேராக்கிக் கொடுப்பேன், ஒரு சுற்று முடிவதற்குள் மறுபடி கோணும். கடைசியில் செலோடேப் போட்டு ஒட்டினேன்.

இதையெல்லாம் வயது ஏறினால் சரியாகும் என்று பொறுத்திருக்கலாம். ஆனால் என் மகளுக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது கை. வண்டியைத் திருப்புகிற நுணுக்கமான வேலையும் அவளுக்கு அந்தக் கையில்தான் வரும், இந்த ரிமோட்டில் அது வலப்பக்கம் இருக்கிறது. சக்கரத்தை இடப்பக்கத்துக்கு மாற்றிப் பொருத்தக்கூடிய ரிமோட்டுகள் உண்டு, ஆனால் அவை பெரியவர்கள் பந்தயத்தில் வைத்திருக்கிற விலையுயர்ந்த வகை. குழந்தைகளுக்கென்று விற்கிற கார்களில் அந்த வசதியை நான் பார்த்ததில்லை. இடது கைப் பிள்ளை ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

இத்தனைக்கும் நடுவே குழந்தை கற்றுக்கொள்ள வேண்டிய கஷ்டமான பாடம் ஒன்று இருக்கிறது. வண்டி நம்மை விட்டுப் போகும்போது நம் வலதும் அதன் வலதும் ஒன்று. நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. எந்த ரிமோட் கொடுத்தாலும் இது தீராது. தொடக்கத்தில் வண்டி போகிற பக்கமே உடம்பையும் திருப்பி, தோளுக்கு மேலே பார்த்தபடி ஓட்டச் சொன்னேன். பிறகு அந்த வண்டிக்குள்ளே தானே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு நாள் வண்டி நேரே எங்களை நோக்கி வந்து, இரண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே சறுக்காமல் நுழைந்தது. அவள் யோசிக்கவே இல்லை. எதிரே நிற்பவரின் வலது கை எது என்று இப்போது டக்கென்று சொல்கிறாள். ரிமோட் கார் வாங்கித் தர ஒரு காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரிமோட் பிடிக்கவில்லை என்றால் வேறு ரிமோட் வாங்கலாமே என்று தோன்றும். இந்தப் பொழுதுபோக்கே அப்படித் தொடங்கியதுதான். ஜப்பானின் ஷிசுவோகாவிலிருந்து டாமியா நிறுவனம் 1976-ல் வெளியிட்ட முதல் ரிமோட் கார், 1/12 அளவு போர்ஷே 934, ஒரு கிட். வாங்கியவரே பூட்டி முடித்து, ரிமோட்டைத் தனியாக வாங்கிப் பொருத்தினார். இன்றும் டாமியாவின் பெரும்பாலான கிட்டுகள் ரிமோட் இல்லாமல்தான் வருகின்றன. கையைப் பார்த்து ரிமோட், ஆசையைப் பார்த்து கார். நல்ல முறை.

எங்கள் காரில் அது நடக்காது. காரணத்தை ஸ்டீயரிங் கெட்டுப்போன பிறகுதான் முழுசாகப் பார்த்தேன். விருந்தாளிப் பையன் ஒருவன் ஸ்விட்ச் போட்டிருக்கும்போதே முன் சக்கரத்தைக் கையால் முறுக்கினான், சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார்ப் பெட்டியான சர்வோவுக்குள் பிளாஸ்டிக் பல் உடைந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு, சென்னையில் மின்னணுப் பாகங்கள் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர் வயரை எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வயரா? இது வராதும்மா, மூணு வயர்தான் வரும்" என்றார்.

பொதுவாகக் கிடைக்கிற சர்வோவில் மூன்று வயர். இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று சிக்னலுக்கு. எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடும் சர்க்யூட் அதற்குள்ளேயே இருக்கும், ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற எந்த ரிசீவரில் செருகினாலும் வேலை செய்யும். ஐந்து வயர் சர்வோவில் அந்த சர்க்யூட் இல்லை. மோட்டாருக்கு இரண்டு வயர், சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அறிகிற பாகத்துக்கு மூன்று வயர், அவ்வளவுதான். கணக்கெல்லாம் காரின் போர்டில் நடக்கிறது. அதே போர்டில்தான் ரிசீவரும் இருக்கிறது, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் இருக்கிறது. அந்த போர்டு பெட்டியோடு வந்த ரிமோட்டோடு மட்டும்தான் பேசும். ஆக, ரிமோட்டை மாற்ற வேண்டும் என்றால் ரிசீவர், ஈ.எஸ்.சி., சர்வோ மூன்றையும் மாற்ற வேண்டும். இதைப் பெட்டியில் எங்கேயும் போடவில்லை. வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஒரே வழி சர்வோவின் உதிரிப் பாகப் படத்தைத் தேடிப் பார்த்து வயரை எண்ணுவதுதான்.

நான் மூன்றையும் மாற்றினேன். செலவு காரின் விலையில் ஏறத்தாழ பாதி. ரிமோட்டுக்கு, கல்லூரியில் டிரோன் பிராஜெக்ட் முடித்த உறவுக்காரப் பையனிடம் சும்மா கிடந்த ஃப்ளைஸ்கை ஐ6 ஒன்றை வாங்கிக்கொண்டேன். விமானத்துக்கான ரிமோட் அது, இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு ஸ்டிக். மோட் 2 என்ற ஸ்டிக் அமைப்பில் இடது ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு த்ராட்டில், அதாவது வேகம், அது விட்ட இடத்தில் நிற்கும், நடுவுக்குத் திரும்பாது, காருக்கு அது வேண்டாம். ரிசீவரில், இடது ஸ்டிக்கின் பக்கவாட்டு அசைவுக்கான நான்காவது சேனலில் சர்வோவைச் செருகினால் ஸ்டீயரிங் இடது கட்டைவிரலுக்கு வந்துவிடும். இரண்டாவது சேனலில் ஈ.எஸ்.சி.யைச் செருகினால் வலது ஸ்டிக்கை முன்னே தள்ள வண்டி முன்னே போகும், பின்னே இழுக்கப் பின்னே வரும், விட்டால் நடுவுக்கு வந்து நிற்கும். ஈ.எஸ்.சி.யும் நேரடியாக ரிவர்ஸ் போகிற வகையாகப் பார்த்து வாங்கினேன். ரிமோட்டைக் கழுத்தில் பட்டையில் மாட்டிவிட்டால் கையில் கனமே இல்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாக எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒரு நல்ல கார் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மெதுவாகப் போக முடிந்தது, நினைத்த இடத்தில் நின்றது, எட்டுப் போட்டது. மகள் கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பாட்டி மாடிக்கே வந்துவிட்டார்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம். 36 கி.மீ. என்றால் விநாடிக்குப் பத்து மீட்டர். குழந்தை "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி பார்க்கிங்கின் அந்தப் பக்கம் போய்விடும், நடுவே யாருடைய கணுக்காலாவது இருந்தால் அவ்வளவுதான். வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி ரிமோட்டில் இருந்தால் மட்டும் வாங்குங்கள், கொடுக்கும் முன் அதைக் குறைத்து வையுங்கள். ரிமோட்டை முதலில் ஆன் செய்து பிறகு கார், நிறுத்தும்போது கார் முதலில், ரிமோட் கடைசியில். இந்த வரிசையைப் பழக்கிவிட்டால் கட்டுப்பாடில்லாமல் வண்டி கிளம்பாது. பேட்டரியைப் பெரியவர்தான் சார்ஜ் செய்ய வேண்டும், கண்ணெதிரே, மெத்தை சோபா பக்கம் இல்லாமல். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த விதி 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருளுக்குத்தான். எங்கள் கார்ப் பெட்டியின் ஓரத்தில், பொடி எழுத்தில், "14+" என்று இருக்கிறது. பெட்டி முகப்பில் சிரிப்பதோ எட்டு வயதுப் பையன். இப்படி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன்? சேசிஸுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், இந்த விலைக்கு இவ்வளவு உறுதியான, பிரித்துப் பூட்டக்கூடிய கார் கிடைப்பது பெரிய விஷயம். ஆனாலும் வாங்க வேண்டாம் என்றேன், ஆஃபர் இன்னும் இறங்கினாலும் வேண்டாம். அந்த ரிமோட்டை இன்னொரு குழந்தை கையில் பார்க்க எனக்கு மனசில்லை. அவர் மகனுக்கு இப்போதைக்கு இரண்டு ஸ்டிக் ரிமோட்டோடு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, மெதுவாகப் போகிற சின்னக் கார் போதும். 27 மெகாஹெர்ட்ஸ் வகை வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனும் அதே அலைவரிசை வைத்திருந்தால் ஒருவர் ரிமோட் இன்னொருவர் காரை இழுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பார்த்து வாங்கச் சொன்னேன். கடைக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போய், பெட்டியைத் திறக்கச் சொல்லி, ரிமோட்டை அவன் கையில் கொடுத்து இரண்டு கட்டைவிரலும் எட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். திறக்கமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம்.