ஏழுல சரியா காட்டுற பேனாவ நம்பி நாலு செடிய கெடுத்த கதை – பிஹெச் பேனாவும் சொட்டு கிட்டும் ரிவ்யூ

பேனாவுக்கு ரெண்டு ஸ்டார், சொட்டு கிட்டுக்கு நாலரை. பிஹெச்னா தண்ணி எவ்வளவு புளிப்புன்னு சொல்ற அளவு, ஏழு நடுநிலை, அதுக்குக் கீழ எறங்க எறங்க புளிப்பு கூடும்; பேனா அத நம்பரா காட்டும், சொட்டு கிட் கலரா காட்டும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் இருக்கறது டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம். இங்க 2018 அக்டோபர் 17ல இருந்து கஞ்சா சட்டப்படி ஓகே, ஒன்டாரியோல வீட்டுக்கு நாலு செடி வளத்துக்கலாம், தலைக்கு நாலு இல்லீங்க, வீட்டுக்கே நாலுதான். பக்கத்து கியூபெக்ல ஒண்ணு கூட வைக்கக்கூடாது, அத எதிர்த்து ஒருத்தர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2023ல அந்தத் தடை செல்லும்னு தீர்ப்பு வந்துடுச்சு. ஊர்ல இருந்து படிக்கிறவங்க இதப் பாத்து ட்ரை பண்ணிடாதீங்க, அங்க என்டிபிஎஸ்னு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கு, நேரா உள்ளதான். ஆனா பிஹெச் பஞ்சாயத்து எல்லா செடிக்கும் உண்டு, மாடில கோகோபீட்ல (தேங்கா நார்த்தூள்) தக்காளி, மிளகாய் போடுறவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும்.

கோகோபீட்னு சொன்னதும் ஒரு விஷயம். இங்க கடைல வாங்கின அந்த செங்கல் மாதிரி கட்டிய பிரிச்சா கவர்ல இந்தியான்னு போட்டிருக்கு. எனக்கு சொந்த ஊர் பொள்ளாச்சி, சின்ன வயசுல நார் மில்லு வாசல்ல மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும், மழை பேஞ்சா செவப்பா தண்ணி வடியும், யாரும் சீண்ட மாட்டாங்க. அதத்தான் இப்ப டாலர் குடுத்து வாங்கி பேஸ்மென்ட்ல வச்சிருக்கேன்.

சரி மேட்டருக்கு வரேன். டென்ட், எல்இடி லைட்டு எல்லாம் வாங்கின அன்னைக்கே இருபது டாலருக்கு ஒரு மஞ்சள் பிஹெச் பேனாவும் வாங்கினேன். பிராண்டு பேரு வேணாம், அதே மாதிரி பேனா பத்து பேருல விக்குது. கூட மூணு பவுடர் பாக்கெட், 4, 6.86, 9.18னு போட்டிருக்கும், ஒவ்வொண்ணையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு அதுல முக்கி செட் பண்ணணும். ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, பட்டுனு நம்பர் காட்டும், சந்தோஷமா இருக்கும்.

கோகோபீட்ல பிஹெச் 5.8ல இருந்து 6.2க்குள்ள இருந்தா நல்லது, மண்ணுன்னா 6ல இருந்து 7 வரைக்கும் தாங்கும். நான் தெனமும் உரத்தண்ணி கலக்கி, பேனாவ முக்கி, பிஹெச்ச எறக்கற பிஹெச் டவுன் சொட்டு சொட்டா விட்டு 5.9 காட்டினதும் ஊத்துவேன். டவுன்ல இருக்கறது பாஸ்பாரிக் ஆசிட், பாத்து விடுங்க.

பூ விட ஆரம்பிச்ச மூணாவது வாரம் அடி இலை எல்லாம் நரம்பு மட்டும் பச்சையா நடுவுல மஞ்சளாக ஆரம்பிச்சுச்சு. ரெண்டு நாள் கழிச்சு மேல இருக்கற புது இலைல துரு புடிச்ச மாதிரி சின்னச் சின்ன பழுப்பு புள்ளி. நெட்ல தேடினா ஒவ்வொரு படத்துலயும் என் செடி மாதிரியே இருக்கு, தலைவலின்னு தேடினா பெரிய வியாதியா காட்டுமே அந்தக் கதைதான். அடி இலை மஞ்சள்னா மெக்னீசியம், மேல புள்ளின்னா கால்சியம், ரெண்டும் சேந்து கால்மேக்னு ஒரு பாட்டில்ல விக்குது, அப்பறம் என்ன, வாங்கி ஊத்து. ஊத்தினேன். சரியாகல, இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். ஈசி மீட்டர்ல (தண்ணில எவ்வளவு உரம், உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டறது) 1.4ல இருந்தது 2.2க்கு ஏறிடுச்சு, இலை நுனி எல்லாம் தீஞ்ச மாதிரி சுருண்டுச்சு, புள்ளி இன்னும் கூடிடுச்சு.

இங்க நான் பண்ண தப்பு என்னன்னா, ரெண்டு சத்துக் குறை ஒரே நேரத்துல வருதேன்னு யோசிக்கல. மெக்னீசியம், நைட்ரஜன், பொட்டாசியம் மாதிரி சத்த செடி பழைய இலைல இருந்து புடுங்கி புது இலைக்கு அனுப்பிக்கும், அதனால குறைஞ்சா கீழ மொதல்ல தெரியும். கால்சியம், இரும்பு எல்லாம் அப்படி நகராது, அது குறைஞ்சா மேல புதுசா வர்ற இலைலதான் தெரியும். எனக்கு கீழயும் மேலயும் சேந்தாப்புல வந்துச்சு. போடாத சத்து இல்ல, பாட்டில் பாட்டிலா போடுறேன், அப்ப சத்து குறையல, வேரால எடுக்க முடியல. அதுக்கு பெரும்பாலும் பிஹெச்சுதான் காரணம். ஆனா பேனா 5.9னு சத்தியம் பண்ணுதே!

அம்மாவுக்கு வாட்ஸ்ஆப்ல போன் போட்டேன். என்ன செடின்னு சொல்லல, கறிவேப்பிலைன்னு நெனச்சுட்டாங்க, நானும் திருத்தல. "ஏங்கண்ணு, மஞ்சளாப் போச்சுன்னா புளிச்ச மோர ஊத்தி உடு, தளதளன்னு வந்துரும்"னாங்க. மோர்னா புளிப்பு, அதாவது பிஹெச் எறங்கும். அம்மா மீட்டர் இல்லாமயே பிஹெச்சப் பத்திதான் பேசறாங்கன்னு அப்பதான் உறைச்சுச்சு. ஆனா என் செடிக்கு மோர் ஊத்தியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும், ஏன்னா என் பிரச்சன அதுக்கு நேர் எதிர்.

மறுநாள் ஹைட்ரோபோனிக்ஸ் கடைக்கு போயி ஜெனரல் ஹைட்ரோபோனிக்ஸ் சொட்டு கிட் வாங்கினேன். அதுல பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன ட்யூப், ஒரு பாட்டில் சொட்டு, ஒரு கலர் அட்டை, அவ்வளவுதான். பாதி ட்யூப் தண்ணி, மூணு சொட்டு, மூடிட்டு ஒரு குலுக்கு. செவப்புன்னா 4, ஆரஞ்சு 5, மஞ்சள் 6, பச்சை 7, நீலம் 8. நான் 5.9னு நெனச்சு கலந்து வச்ச தண்ணி அப்படியே ஆரஞ்ச் மிட்டாய் கலர்ல வந்துச்சு. மறுபடி பண்ணேன். மறுபடியும் ஆரஞ்ச் மிட்டாய். பேனாவ அதே தண்ணில முக்கினா கூச்சமே இல்லாம 5.9ங்குது.

அப்பறம் புதுசா கடைல வாங்கின பஃபர் (பிஹெச் இவ்வளவுன்னு உறுதியா தெரிஞ்ச கரைசல்) ரெண்டுல வச்சுப் பாத்தேன். ஏழுல முக்கினா கரெக்டா 7.0. நாலுல முக்கினா 5.5! நான் இத்தன நாளா சோம்பேறித்தனத்துல ஏழுல மட்டும்தான் செட் பண்ணிட்டு இருந்தேன், அங்க எப்பவும் ஒழுங்கா காட்டும், நம்பிடுவேன். பேனா நுனில இருக்கற கண்ணாடி குமிழ் தேய்ஞ்சு போச்சுன்னா அது ஏழுகிட்டயே ஒட்டிக்கும், ஏழ விட்டு எவ்வளவு தூரம் போறீங்களோ அவ்வளவு பொய் சொல்லும். நெசமா 4.8 இருக்கற தண்ணிய 5.9ன்னு காட்டியிருக்கு. பிஹெச்ல ஒரு நம்பர்னா பத்து மடங்குங்க, சும்மா இல்ல. நான் தெனமும் அக்கறையா ஆசிட் ஊத்தியிருக்கேன்.

நியாயமா சொன்னா என் தப்பும் உண்டு. டிஸ்டில்டு வாட்டர்தான் சுத்தமாச்சேன்னு பேனாவ ராத்திரி பூரா அதுலயே போட்டு வச்சேன். அது அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறத உறிஞ்சிடும், பொட்டாசியம் குளோரைடு கரைசல்லதான் வைக்கணுமாம். காய விட்டாலும் போச்சு. இத ஒரு வரி அந்தப் பெட்டிக்குள்ள எழுதி வச்சிருந்தா என்ன கொறஞ்சிடும்? எட்டா மடிச்ச பேப்பர்ல பொடி எழுத்துல என்னென்னமோ இருந்துச்சு, இது மட்டும் இல்ல. அதுக்குத்தான் ரெண்டு ஸ்டார்.

கிட்ல குறை இல்லாம இல்ல. க்ரோ லைட்டுக்கு அடில வச்சு கலர் பாக்காதீங்க, எல்லாமே வேற மாதிரி தெரியும், ஜன்னல்கிட்ட கொண்டு போங்க. உரம் பழுப்பு கலரா இருந்தா, மீன் அமிலம் டைப்பு, சுத்தமா வேலைக்கு ஆகாது. 5.8க்கும் 6.1க்கும் வித்தியாசம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. கலர் பாக்கறதுல பிரச்சன இருக்கறவங்களுக்கும் கஷ்டம். ஆனா பேட்டரி இல்ல, செட்டிங் இல்ல, பொய் சொல்லத் தெரியாது. பேனா சொன்னா கிட்ல ஒரு தடவ கேளுங்க, ரெண்டும் ஒத்துப் போனா ஊத்துங்க. ப்ளூலேப்னு ஒரு கம்பெனி பேனா நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, வெலைய பாத்துட்டு டேப்ப மூடிட்டேன்.

இன்னொண்ணு, உரத்த கலக்கிட்டுத்தான் பிஹெச் பாக்கணும், மொதல்ல பாத்துட்டு அப்பறம் உரம் போட்டா மறுபடி எறங்கிடும். ஈசிய பிபிஎம்ல (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற கணக்கு) பேசறவங்க கிட்ட எந்த ஸ்கேல்னு கேட்டுக்கோங்க, அதே ஈசி 1.0 ஒரு மீட்டர்ல 500, இன்னொரு மீட்டர்ல 700. இதுலயே எத்தன பேரு செடிய கருக்கியிருப்பாங்களோ.

கடைசில கால்மேக்க நிறுத்திட்டு, லேசா உரம் போட்டு 6ல வச்ச தண்ணிய தொட்டி தொட்டியா ஊத்தி, அடில வடியற தண்ணி மஞ்சள் கலருக்கு வர்ற வரைக்கும் கழுவினேன். அன்னைக்கு இடுப்பு போச்சு. புள்ளி விழுந்த இலை தேறாது, அதையே பாத்துட்டு இருந்தா பைத்தியம் புடிக்கும், புதுசா வர்ற இலைய மட்டும் பாருங்க. பத்து நாள்ல புது இலை சுத்தமா வந்துச்சு. ஒரு செடி மட்டும் தேறவே இல்ல.

சொட்டு கிட் இப்ப சமையல்கட்டு ஜன்னல்ல இருக்கு, வீட்டம்மா அவங்க நெஜ கறிவேப்பிலைத் தொட்டிக்கு எடுத்துக்கிட்டாங்க. குழாத்தண்ணிய மட்டுமே ஊத்தி ஊத்தி அதுவும் வெளுத்துதான் கெடக்கு, வடியற தண்ணில சொட்டு விட்டா பச்சை. அதுக்கு வாரம் ஒருக்கா மோர். அம்மா வேற நேத்து போன்ல, "அந்தச் செடி தேறிருச்சா கண்ணு, ஒரு போட்டோ அனுப்பு"ன்னாங்க. கறிவேப்பிலைய போட்டோ எடுத்து அனுப்பினேன். "இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது, மோர் ஊத்துனியா இல்லியா"ன்னு திட்டு.