பெயரில்லாத கவர் மாத்திரை வாங்காதீர்கள்

ஜனவரியில் எனக்கு நிமோனியா. வலது நுரையீரலின் அடியில் வெள்ளைத் திட்டு எக்ஸ்ரேயில் தெரிந்தது. டாக்டர் அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்கை ஏழு நாளைக்கு எழுதினார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. "இருமலும் அசதியும் ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட இழுக்கும், பயப்படாதீங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாளும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி படுத்தால் இருமல். நேரே தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். "முதல் மாத்திரைக்குக் கேட்கல அண்ணே, அடுத்த லெவல் போடணும்" என்றார் கடைக்காரர். சீட்டு கேட்கவில்லை. அட்டையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் '1-0-1' என்று மட்டும் எழுதினார். ஐந்து நாளைக்கு 640 ரூபாய். பில் கிடையாது.

இரண்டே நாளில் ஜம்மென்று ஆகிவிட்டது. இருமல் போச்சு, பசியோ பசி. கைராசிக்காரர் என்று வீட்டில் புகழ்ந்தேன். மாத்திரை தீர்ந்த நாலாம் நாள் இருமல் திரும்பியது. மறுபடி போனேன், மறுபடி அதே கவர். இந்த முறை தூக்கம் போனது. குதிகாலுக்கு மேலே சுண்டி இழுத்தது, காலை ஊன்ற முடியவில்லை.

அப்புறம்தான் அரசு மருத்துவமனை. மிச்சமிருந்த துண்டுகளை டாக்டரம்மா வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் 'வோஃப்ளாக்சசின்' என்ற வால் மட்டும் இருந்தது. "இது லெவோஃப்ளாக்சசின், வேற ஒரு ஆன்டிபயாடிக். இந்தக் குட்டி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, வீக்கத்தை அடக்குற மருந்து. ரெண்டும் சேர்ந்தா குதிகால் தசைநாண் அறுந்தே போகலாம், தெரியுமா?" என்றார். இரண்டு நாளில் ஜம்மென்று ஆனது ஸ்டீராய்டின் வேலை. நோய்க்கிருமியை முதல் மாத்திரையே முடித்துவிட்டது. மிச்சமிருந்தது புண் ஆறுகிற இருமல்.

அவர் பயந்தது வேறொன்றுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் அடக்கும், ஆனால் அது ஒன்றே நோயைத் தீர்க்காது. காசநோய் இருந்தால்கூடப் பரிசோதனையில் தெரியாமல் மறைந்துகொள்ளும். அதனால் எல்லாவற்றையும் நிறுத்தி, கொஞ்ச நாள் விட்டுச் சளி எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் குழந்தையைத் தூக்கவில்லை. நல்லவேளை, இல்லை என்று வந்தது.

லெவோஃப்ளாக்சசின் 2014 மார்ச்சிலிருந்து எச்1 என்ற அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சாகி இருக்கும். எனக்கு வந்த துண்டுகளில் அந்தப் பகுதி மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டப்பட்டிருந்தது.

பில் கேட்டு மெடிக்கலுக்குப் போனேன். "நீங்கதானே அண்ணே ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்கன்னீங்க?" என்றார். கேட்டேன்தான், மறுக்க முடியவில்லை. பில் மட்டும் வரவில்லை.

இருமல் எட்டாவது வாரம் எந்த மருந்தும் இல்லாமல் தானாக நின்றது. குதிகால்தான் இன்னும் காலையில் எழுந்ததும் பிடிக்கிறது.