3,800 டாலருக்கு என்ன கிடைத்தது? ஒரு காலேஜ் கவுன்சிலிங் பேக்கேஜின் கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்து காலேஜுக்கு விண்ணப்பிக்க உதவும் பேக்கேஜ், 3,800 டாலர், இரண்டு தவணை. 2024 ஜூனில் தொடங்கி ஜனவரி வரை ஜூமில் 16 வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதிவிட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு எனக்கு இல்லை. டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம், எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, மகள் அப்போது சீனியர், அதாவது ஹைஸ்கூல் கடைசி வருடம். அவ்வளவு போதும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால் இரண்டரை. அந்த இரண்டரையும் ஒரே ஒரு மனுஷிக்கு.

ஏன் போய்ச் சேர்ந்தோம் என்றால், பயம்தான். ஸ்கூல் கவுன்சிலர் நல்ல அம்மாள். ஆனால் அவர் தலையில் 400 பிள்ளைகளுக்கு மேல். ஒரு கவுன்சிலருக்கு 250 பேர்தான் இருக்கவேண்டும் என்று அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர்கள் சங்கமே சொல்கிறது, யார் கேட்கிறார்கள்? இன்னொரு பக்கம் தமிழ்ப் பள்ளி பார்க்கிங் லாட். "நீங்க யார்கிட்ட போறீங்க?" என்பார்கள். யாரிடமும் இல்லை என்றால், "ஓ, அப்படியா" என்று ஒரு இழுப்பு. அந்த இழுப்புக்குத்தான் முதல் தவணை கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

டெக்சஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் ரேங்க் பைத்தியம் புரியாது. ஹைஸ்கூலில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று 1997-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆஸ்டினில் இருக்கும் யூடிக்கு, அதாவது டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு, மட்டும் தனிக் கணக்கு: என் மகள் வருடத்தில் 6 சதவீதம், 2026-இல் சேருகிறவர்களுக்கு 5. என் மகள் இருந்தது 8-இல். அதாவது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நுழைவு கையில் இருக்கிறது, யூடியில் இல்லை. அதிலும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதுதான் உறுதி. கேட்ட மேஜர் (முதன்மைப் பாடம்) கிடைக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. பத்தாவது வகுப்பில் ஒரு செமஸ்டர் சறுக்கியதை ஜூலை மாதம் முழுக்க நான் சாப்பாட்டு மேஜையில் எடுத்து எடுத்துப் பேசினேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

இனி பேக்கேஜுக்கு வருகிறேன்.

சேர்ந்த அன்றே பெற்றோருக்கென்று தனி போர்ட்டல் கொடுத்தார்கள். பிள்ளையின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். முடிந்தால் பச்சை, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், தேதி தாண்டினால் சிவப்பு. ஃபோனிலும் வரும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? அக்டோபரில் ஒரு நாள் இரவு 11:40-க்கு ஃபோன் டிங் என்றது. "யூடி சிற்றுரை 2: தாமதம்." எனக்கு மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட். எழுந்து மாடிக்குப் போனேன். கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. தூங்குகிறாள். கதவைத் தட்டலாமா என்று ஐந்து நிமிடம் இருட்டில் நின்றேன், தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவள் என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள், லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். சாயங்காலமே எழுதி அவர்களுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே யாரோ கட்டத்தின் நிறத்தை மாற்றவில்லை. ஒன்றும் சொல்லாமல் என் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனிக்கு எழுதினேன். "சிஸ்டம் அப்டேட் ஆக 24 மணி நேரம் ஆகலாம்" என்று பதில் வந்தது. அப்புறம் எதற்கு நடுராத்திரியில் டிங்?

முதலில் கொடுத்த கோச் ஒரு பையன். காலேஜ் முடித்து இரண்டு வருடம் இருக்கும். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். காமன் ஆப்பில் (பல காலேஜுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்) செயல்பாடுகள் என்று பத்து இடம் உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான், இடைவெளியும் சேர்த்து. என் மகள் மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறாள். அதை அப்படியே எழுதியிருந்தாள். கோச் தம்பி திருத்திக் கொடுத்ததைத் தமிழில் சொன்னால், "சமூக அறிவு வளங்களை ஒழுங்குபடுத்தும் முன்னெடுப்புக்குத் தலைமை தாங்கினேன்". வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அன்றுதான் நாலைந்து வாரத்துக்கு அப்புறம் அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த வகையில் தம்பிக்கு நன்றி.

பெரிய எஸ்ஸேயில்தான் சிரிப்பு நின்றது. காமன் ஆப் எஸ்ஸேக்கு 650 வார்த்தை வரம்பு. அவள் எழுத நினைத்தது இது: நூலகத்தில் சிலர் புத்தகத்தைத் தெரிந்தே வேறு அலமாரியில், மற்ற புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த முறை வரும்போது வேறு யாரும் எடுத்திருக்கக் கூடாது என்று. கார்டு எடுக்க வழியில்லாதவர்களாக இருக்கலாம். வேதியியல் பாடப்புத்தகம் ஒன்று வாராவாரம் தோட்டக்கலை அலமாரியில் கிடைக்குமாம். இவள் அதை உரிய இடத்தில் வைக்காமல் சில வாரம் பார்க்காத மாதிரி விட்டிருக்கிறாள். விதிப்படி தப்பு. யார் அந்த ஆள் என்று கடைசிவரை தெரியாது.

எனக்கு இது தெரியவே தெரியாது. மூன்று வருடம் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.

கோச் தம்பி அதை ஐந்து தடவை திருத்தினார். ஐந்தாவது வடிவத்தில் அவள் அந்த நபரைக் கண்டுபிடித்து ஒரு கல்வி உதவிக் குழு தொடங்குவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. "இது நான் இல்லம்மா" என்று லேப்டாப்பை மூடினாள். செப்டம்பர் கடைசி. அன்றிரவு அழுதாள், நானும் வண்டியை காரேஜில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதீர்கள், சீனியர் வீட்டு அம்மாக்கள் பாதிப் பேருக்கு காரேஜ்தான் அழும் இடம்.

ஆளை மாற்றுங்கள் என்று மெயில் போட்டேன். முதலில் மறுத்தார்கள், இரண்டாவது தவணையை நிறுத்தி வைத்தேன், மாற்றினார்கள். வந்தவர் ரிட்டயர்ட் இங்கிலீஷ் டீச்சர், அறுபது வயதுக்கு மேல். அவர் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. முதல் வடிவத்தை எடுக்கச் சொல்லி, "சத்தமாகப் படி" என்றார். படிக்கும்போது எங்கே நாக்கு தடுக்கிறதோ அங்கே நிறுத்தி, "இங்கே என்ன சொல்ல வந்தாய்?" அவ்வளவுதான். இரண்டு வகுப்பில் எஸ்ஸே முடிந்தது.

மூன்றாவது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் என்னைக் கூப்பிட்டார். "வீட்டில் காலேஜ் பற்றி எப்போதெல்லாம் பேசுவீர்கள்?" என்று கேட்டார். எப்போது பேசமாட்டோம் என்று கேட்டிருந்தால் பதில் சுலபம். ஞாயிற்றுக்கிழமை மாலை 5 முதல் 5:30 வரை மட்டும் பேசுங்கள் என்றார். மற்ற நேரம் எதுவும் தோன்றினால் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், ஞாயிறன்று எடுத்துப் பாருங்கள். போர்ட்டல் ஆப்பை ஃபோனிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை அந்தக் கம்பெனியின் ஆளே சொன்னார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

முதல் வாரம் என் தாளில் 23 விஷயம். ஞாயிற்றுக்கிழமை வாசித்தபோது அவற்றில் 17-க்கு மகள் ஏற்கெனவே பதில் வைத்திருந்தாள். ஒன்று, எனக்கே என்ன எழுதினேன் என்று புரியவில்லை. நவம்பரில் தாள் பாதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ரசம் சாதத்தோடு அவள் வேறு எதைப் பற்றியோ, யாரோ ஸ்கூல் பிராம் டான்ஸ் பற்றி அழுததைப் பற்றி, வளவளவென்று பேசினாள். அந்தப் பேச்சு எப்போது நின்று போனது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டரை நட்சத்திரம் இதற்குத்தான்.

பணம் பற்றி ஒரு பெரிய குறை. 16 வகுப்பில் ஒன்றில்கூட "உங்களால் வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்?" என்று அவர்களாகக் கேட்கவில்லை. ஆனால் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஏர்லி டிசிஷன் போடச் சொல்லி அந்தக் கோச் தம்பி மூன்று முறை வற்புறுத்தினார். ஏர்லி டிசிஷன் என்றால் கிடைத்ததும் சேர்ந்தே ஆகவேண்டும். பிள்ளை, பெற்றோர், ஸ்கூல் கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும். உதவித்தொகை போதாவிட்டால் விலக வழி உண்டு, ஆனால் நாலு இடத்துச் செலவை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு காலேஜும், உதவி போக நம் கையிலிருந்து எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைத் தன் வெப்சைட்டில் வைத்தாக வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை டாக்ஸ் பேப்பரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இருபது நிமிடம். வருடத்துக்கு 81,000 டாலர், உதவி சைபர் என்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், ஆனால் அவளுக்குக் கீழே ஒன்பதாவது படிக்கிற மகன் ஒருவன் இருக்கிறான், ஊரில் இரண்டு பக்கமும் வயதானவர்கள். அவளையும் உட்காரவைத்துக் காட்டினோம். எனக்குக் கைகால் உதறியது. அவளோ, "அப்ப இது வேண்டாம். இதை முன்னாடியே காட்டியிருக்கலாமே, நான் ரெண்டு மாசமா அந்த எஸ்ஸேயை நினைச்சு வயித்தைக் கலக்கிட்டிருந்தேன்" என்றாள். சேருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சில தனியார் காலேஜ்கள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மட்டும் முதல் காலேஜுக்கு 25 டாலர், அடுத்தடுத்ததற்கு 16; வருட வருமானம் ஒரு லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. இந்தத் தொழிலுக்கு லைசன்ஸ் கிடையாது. டெக்சஸில் முடி வெட்டவே லைசன்ஸ் வேண்டும், பிள்ளையின் எஸ்ஸேயைத் திருத்த வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் குறுக்கு வழியில் காலேஜில் சேர்த்துவிட்ட ரிக் சிங்கர் என்ற ஆலோசகரின் விவகாரத்தில் 2019-இல் நாடே நாறியது நினைவிருக்கும். எங்கள் கம்பெனி அந்த ரகம் இல்லை, நாணயமானவர்கள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் "94 சதவீத வெற்றி" என்று முகப்பில் போட்டிருந்தார்கள். எதில் வெற்றி என்று கேட்டேன். பிள்ளைகளின் பட்டியலில் முதல் மூன்றில் ஏதாவது ஒன்று கிடைப்பதாம். பட்டியல் போடுவது யார்? அவர்கள்தான்.

யூடியிலிருந்து நேரடி இடம் வரவில்லை, கேப் வந்தது. முதல் வருடம் யூடி குடும்பத்தின் வேறு வளாகத்தில் படித்து, கேட்கும் மதிப்பெண் எடுத்தால் ஆஸ்டினுக்கு மாறலாம் என்ற திட்டம். தமிழ்ப் பள்ளி பார்க்கிங் லாட்டுக்குச் சொல்வதற்குள் எனக்குத்தான் தொண்டை அடைத்தது. மே 1-க்குள் முடிவு சொல்லவேண்டும். ஏப்ரலில் ஒரு ஞாயிறு 5 மணிக்கு, தாளே இல்லாமல், "ஏ அண்ட் எம் போறேன், அங்க கெமிஸ்ட்ரி கிடைச்சிருக்கு, ஆஸ்டினுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். ஐந்தரை மணிக்கு அரைமணி பாக்கி இருந்தது. டெபாசிட் கட்டிவிட்டு பஜ்ஜி போட்டேன். ஆகஸ்டில் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்கு மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கம்பெனியில் சேரலாமா என்று இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். டீச்சரம்மா கிடைப்பார் என்றால் சேருங்கள், அதுவும் மணிக்கணக்கு வைத்து, பேக்கேஜ் வேண்டாம். ஸ்கூலில் உங்கள் பிள்ளைக்குப் பிடித்த இங்கிலீஷ் டீச்சர் இருந்தால், எஸ்ஸேயை எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்ட அவர் அரைமணி கொடுப்பாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் அவர்களிடமிருந்து மெயில். என் மகனை ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்த்தால் 15 சதவீதம் தள்ளுபடியாம். அந்த டீச்சர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டு எழுதினேன். "எங்கள் ஆலோசகர்கள் அனைவரும் சிறந்த தகுதி பெற்றவர்கள்" என்று பதில் வந்திருக்கிறது.