திரெவி நீரூற்று மாதிரி: தொட்டி வாங்கலாம், பம்பு வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துப் பூந்தொட்டிக் கடை ஒன்றில் இப்போது ஃபைபர்கிளாஸ் நீரூற்றுகளும் கிடைக்கின்றன. ரோம் நகரின் திரெவி நீரூற்றைப் பார்த்துச் செய்த மாதிரிதான் அவற்றில் எடுப்பானது. வார்ப்பு சுத்தம். நடுவில் நிற்கும் கடல் தெய்வம் ஓசியானஸ் சிலையின் முகம் மட்டும் முனியாண்டி சாயலில் இருக்கிறது. தோட்டப்புற வாசலுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

கூடவே தரும் பம்புதான் கோளாறு. 1762இல் முடிந்த அசல் திரெவி பம்பு இல்லாமலே ஓடியது. கி.மு. 19இல் கட்டிய கால்வாய் நீர் தானாக இறங்கி வந்தது. அழுத்தம் குறைவு என்பதால் தொட்டியைத் தெருமட்டத்துக்குக் கீழே வைத்தார்கள். அங்கே நீர் பாறைமேல் வழிவதுதான் அழகு. கடைப் பம்போ பீய்ச்சி அடிக்கிறது. நீர் வெளியே தெறித்துத் தொட்டி வற்றினால், பம்பு சூடேறிக் கருகும். குமிழைத் திருகி வேகம் குறைக்கும் பம்பைத் தனியாக வாங்குங்கள். பம்புப் பெட்டியில் உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் நீர் ஏறாமல் நின்றுவிடும். 1 மீட்டர் சிலைக்குத்தான் அது சரி.

ஒயர் ஒட்டு நனையக்கூடாது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். வெளியூர் போனால் தொட்டியைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் ஏடிஸ் கொசுதான் குடியேறும். 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் என்ற கொசுப்புழு மருந்து போடலாம்.

திரெவியில் காசு போட்டவர் மீண்டும் ரோமுக்கு வருவார் என்பது நம்பிக்கை. அந்தக் காசு காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் வழியாக ஏழைகளுக்குப் போகிறது. வீட்டுத் தொட்டியில் மீன் விட்டிருந்தால் காசு போடாதீர்கள், காசிலுள்ள செம்பு கரைந்தால் மீனுக்கு ஆகாது.