பழைய உயிர்வேலியைப் பிடுங்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கம் வேலி மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். 18,500 ரூபாய் பேசி, 15,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்து ஏமாந்தேன். பணத்தைவிட, இருபது வருட மருதாணி வேலியைப் பக்கத்தில் நின்றே பிடுங்க விட்டதுதான் மனசு ஆறவில்லை.

மாமியார் வைத்த வேலி, எண்பது அடி நீளம். இரண்டு வருடம் கத்தரிக்காததில் ஆள் உயரம் தாண்டி, அடியில் இலையே இல்லாமல், நடுவில் பத்தடிக்குக் காய்ந்து கிடந்தது. தோட்ட வேலை எடுத்துச் செய்கிறவர் காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்துக் காட்டினார். "அக்கா, பூரா கரையானுங்க. வெட்டி விட்டாலும் துளிர்க்காது. களாச்செடி வச்சுடலாம், ஆறே மாசத்துல அடைச்சுக்கும்." முள் உள்ள செடி, ஆடு வாய் வைக்காது, காய் ஊறுகாய்க்கு ஆகும் என்று நானும் சரி சொல்லிவிட்டேன். களா மெதுவாக வளர்கிற செடி, ஆறு மாதத்தில் வேலியாக அடையவே அடையாது என்பது அப்போது தெரியவில்லை.

ஜேசிபி ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தூரோடு எடுத்தது. தண்ணீர்க் குழாயும் உடைந்தது, அதைச் சரிசெய்த செலவும் என் தலையில். பங்குனி வெயிலில் 120 செடி நட்டார்கள். சித்திரை பாதியில் பெரும்பாலும் பழுத்துக் கொட்டியது. போன் செய்தால், "தண்ணி பத்தலைங்க."

ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது. வேரைச் சுற்றிக் கறுப்பு கவர் அப்படியே இருந்தது. கவரைக் கிழிக்காமலே குழியில் இறக்கி மண் தள்ளியிருக்கிறார்கள்! வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு கிடந்தது. தோண்டிப் பார்த்ததில் எழுபதுக்கு மேல் இதே கதை.

சண்டை போட்ட பிறகு, பதிலுக்குக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்று வைத்துத் தருகிறேன் என்றார். வேகமாக வளரும்தான். ஆனால் மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் குழாய்களைக் கெடுக்கிறது என்று குஜராத் அரசு 2023-லேயே அதை நடக்கூடாது என்று சொல்லிவிட்டது. வேண்டாம் என்றேன். அதன்பிறகு போனை எடுப்பதில்லை.

கோடை மழை பெய்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கூப்பிட்டுக் காட்டினார். ஈபி கம்பத்தை ஒட்டி, ஜேசிபி எட்டாமல் விட்டுப்போன இரண்டு மருதாணித் தூர், கணுவுக்குக் கணு துளிர்த்திருந்தது. "நகத்துல பட்டையைச் சுரண்டிப் பார்த்திருந்தா பச்சை தெரிஞ்சிருக்குமே அம்மிணி. முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருந்தாப் போதும்."

நீங்களும் முதலில் சுரண்டிப் பாருங்கள், நாலைந்து இடத்தில். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஐப்பசி மழையை ஒட்டி நடச் சொல்லுங்கள். கவரைக் கிழிப்பதைக் கண்ணால் பாருங்கள். பாதிப் பணத்தையாவது செடி வேர் பிடிக்கும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு தூரிலிருந்து குச்சி வெட்டி, ஆடியில் நாற்பது கவரில் வைத்தேன். இருபத்தாறு துளிர்த்திருக்கிறது.