மலாவியிலிருந்து வந்த மூன்றடுக்குச் சாக்கு: ஒரு வருடம் பாவித்த பிறகு

மாமா டீமேக்கர். இலங்கையில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்துவிட்டு, அப்புறம் ஆபிரிக்காவில் மலாவி நாட்டுக்குப் போய் அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தார். போன வருடம் பொங்கலுக்கு ஊர் வந்தவர் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது நாலு வெறும் சாக்கு. "அங்கே நான் பார்த்ததிலேயே பெறுமதியான சாமான் இதுதான், பத்திரமாக வை" என்று அம்மா கையில் கொடுத்தார். அம்மாவுக்கு அது உரச்சாக்கு மாதிரித்தான் தெரிந்தது, எனக்கும் அப்படித்தான். ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த பிறகு எழுதுகிறேன், தோட்டத்து லயத்தில் இருந்தாலும் டவுனில் இருந்தாலும் வீட்டில் பயறு, சோளம், அரிசி வைத்திருக்கிற எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சாமானின் பெயர் பிக்ஸ் (PICS) பை. வெளியே சாதாரண நெய்த சாக்கு, அதற்குள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்று, அதற்குள்ளே இன்னொன்று. அவ்வளவுதான். மருந்து இல்லை, மெஷின் இல்லை. தானியத்தை உள் பையில் கொட்டி, கையால் அமத்திக் காற்றை வெளியே எடுத்து, வாயை இறுக்கமாக முறுக்கி, முறுக்கினதை மடக்கிக் கயிற்றால் கட்ட வேண்டும். பிறகு இரண்டாவது பையையும் அதே மாதிரி, கடைசியில் வெளிச் சாக்கையும். உள்ளே இருக்கிற வண்டும் புழுவும் மிச்சமிருக்கிற ஒட்சிசனை மூச்சாக எடுத்து முடித்துவிடும், வெளியிலிருந்து புதுக்காற்று வராது. ஒட்சிசன் குறைந்தவுடன் தின்பதை நிறுத்திவிடும், உடம்புக்குத் தேவையான தண்ணீரையும் உண்டாக்கிக்கொள்ள முடியாமல் காய்ந்து செத்துப்போகும். அதாவது பூச்சி தன் மூச்சாலேயே தன்னை முடித்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்து லாரி மர்டொக் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும். 1980களின் கடைசியில் கமரூன் நாட்டு விவசாயிகளின் கௌபியை, அதாவது தட்டைப்பயறைக் காப்பாற்றத்தான் தொடங்கினார்கள். பிக்ஸ் என்பது பேர்டியூவின் மேம்படுத்திய பயிர்ச் சேமிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அதில் பயிர் இருக்கிற இடத்தில் முதலில் கௌபி இருந்தது, பிறகு மற்றத் தானியங்களுக்கும் சரிவந்ததால் பயிர் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆபிரிக்காவில் இரண்டு மூன்று டொலருக்குக் கிடைக்கிற சாமான் இது.

கௌபி என்றவுடனே எனக்கு ஆசை வந்துவிட்டது. காலையில் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும் கட்டச் சம்பலும் இல்லாத வீடு எங்கள் பக்கம் உண்டா? ஆனால் வாங்கி வைத்தால் மூன்றாம் மாதம் உளுத்துப்போகும். அம்மா செத்தல் மிளகாய் போட்டுப் பார்த்திருக்கிறார், வேப்பிலை போட்டுப் பார்த்திருக்கிறார், பாட்டி காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகை காட்டுவார்களாம். இப்போது கேஸ் அடுப்பு, புகைக்கு எங்கே போவது? அதனால் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ என்றுதான் வாங்குவோம், அந்த விலைதான் எப்போதும் கூடின விலை.

மாசியில் மொனராகலைப் பக்கம் அறுவடை. பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துச் சேனையிலிருந்து இரண்டு பை நிறையக் கௌபியும் ஒரு பை சோளமும் எடுத்தோம், கடை விலையைவிடக் கௌபி கிலோவுக்கு 300 ரூபாய்க்கு மேல் குறைவு. பசறைக்கு ஏற்றிவந்த பிறகுதான் உண்மையான வேலை. இந்தப் பைக்கு ஒரே ஒரு கட்டளை, உள்ளே போவது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காற்றும் போகாது என்றால் ஈரமும் போகாது. எங்கள் மலையில் பத்து மணிக்கு வெயில், இரண்டு மணிக்கு மூடுபனி, அதற்குள்ளே தறப்பாளில் பரப்பி, கிளறி, அள்ளி உள்ளே எடுக்க வேண்டும். லயத்து வாசலில் ஐந்து நாள் இதே வேலை.

காய்ந்ததா இல்லையா என்று பார்க்க மாமா ஒரு வழி காட்டினார், அங்கே கிராமங்களில் சொல்லிக் கொடுப்பார்களாம். கொஞ்சம் உப்பை வாணலியில் வறட்டி, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு, அதில் ஒரு கைப்பிடி சோளத்தையும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது. உப்பு போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் தானியத்தில் ஈரம் இருக்கிறது, ஒட்டாமல் உதிர்ந்து கீழே வந்துவிட்டால் கட்டலாம். கௌபிக்கு உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. சோளத்துக்குச் சுவரில் மெல்லிசாக வெள்ளைப்பூ மாதிரி ஒட்டியது. இன்னும் ஒரு நாள் காயவைத்திருக்க வேண்டும், ஆனால் அன்றைக்கு மழை பிடித்துவிட்டது, அடுத்த நாள் நான் வேலைக்குப் போக வேண்டும், சரி பரவாயில்லை என்று கட்டிவிட்டேன். அது என் பிழை. நாலு மாதம் கழித்துத் திறந்தபோது மேல்பக்கம் நல்லது, அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பூசணம் பிடித்துப் புளித்த மணம். பூசணம் பிடித்த சோளத்தைக் கோழிக்கும் போடக்கூடாது, அதில் வரும் நஞ்சு ஆளுக்கும் கூடாது கோழிக்கும் கூடாது, அதனால் அந்தப் பையில் இருந்ததில் கால்வாசியைக் குழி வெட்டிப் புதைத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

கௌபி வேறு கதை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஐந்து கிலோவைச் சாதாரணச் சாக்கில் அதே மூலையில் வைத்திருந்தேன். ஆவணியில் இரண்டையும் அவிழ்த்தோம். சாதாரணச் சாக்கில் கையை விட்டால் மாவு. ஒரு பயறை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், நாலு ஓட்டை, ஒவ்வொன்றும் கம்பியால் குத்தினது மாதிரி வட்டமாக, தோலில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக முட்டை. பிக்ஸ் பையில் அதே வெள்ளைப் பொட்டு சில பயறில் இருந்தது, ஆனால் ஓட்டை இல்லை. சுளகில் போட்டுப் புடைத்தபோது ஒரு தேக்கரண்டி செத்த வண்டு வந்தது, அவ்வளவுதான். நிறம் மாறவில்லை, மணம் மாறவில்லை. இருபது விதையை ஈரத்துணியில் கட்டி வைத்தோம், பதினெட்டு முளைத்தது. அம்மா அதைத் தட்டில் வரிசையாக அடுக்கிப் பக்கத்துக் காம்பராவுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

இந்தப் பை அங்கே ஏன் அவ்வளவு பெறுமதி என்று மாமா சொன்னதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் இருந்தது மலாவியின் தெற்கே தியோலோ மாவட்டம், சோலோ என்றுதான் சொல்வார்களாம். பக்கத்தில் முலான்ஜே. நமக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. 1869 இல் வந்த இலைத்துரு நோயில் இங்கே கோப்பி அழிந்ததே, அப்படி இலங்கையில் கோப்பித்தோட்டம் செய்துவிட்டுப் போன ஹென்றி பிரவுன் என்ற துரைதான் 1891 இல் முலான்ஜேயில் தேயிலை நட்டவர். நல்ல நிலமெல்லாம் தோட்டங்களுக்குப் போனது. அந்த நிலத்தில் முன்பே குடியிருந்த சனம் வாடகைக்குப் பதிலாகத் தோட்டத்தில் உழைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குத் தங்காட்டா என்று பெயர். அதை எதிர்த்து 1915 இல் எழுந்த ஜோன் சிலெம்ப்வேயின் முகம் இன்றைக்கும் அவர்கள் பணத்தாளில் இருக்கிறது. இப்போதும் அந்தப் பக்கம் பல குடும்பங்களுக்கு இரண்டு ஏக்கரும் கிடையாது, அதில் சோளம், ஊடே துவரை. மழை வருடத்தில் ஒரு தரம்தான், கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. அறுவடை சித்திரை, வைகாசியில். சோளமாவில் கிண்டுகிற ந்சிமாதான் முக்கியச் சாப்பாடு. நம்முடைய களி மாதிரி, கையால் உருட்டிக் கீரையோடு சாப்பிடுவது.

அறுவடை நேரத்தில் எல்லோர் வீட்டிலும் சோளம் இருக்கும், விலை அடிமட்டத்தில் கிடக்கும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பசிக்காலம், களஞ்சியம் காலி, அப்போது விலை இரண்டு மடங்குக்கும் ஏறும். வைகாசியில் மலிவாக விற்றவர்தான் தையில் கூடின விலைக்கு வாங்க வேண்டும், காசில்லாவிட்டால் தன் வயலை விட்டுவிட்டு இன்னொருவர் வயலில் கன்யு என்ற கூலிவேலைக்குப் போக வேண்டும், அதனால் தன் வயலில் களை ஏறி அடுத்த அறுவடையும் குறையும். ஏன் விற்கிறார்கள் என்று நான் கேட்டேன். ஒன்று கடன், பள்ளிக்கூடக் காசு, மருந்துச் செலவு. இன்னொன்று, வைத்திருந்தாலும் பூச்சி தின்றுவிடும், எப்படியும் போகிறதை விற்றாலாவது காசு. நடு அமெரிக்காவிலிருந்து 1970களின் கடைசியில் தன்சானியாவுக்குள் வந்து பிறகு அந்தப் பக்கமெல்லாம் பரவிய ஒரு பெரிய துளைப்பான் வண்டு இருக்கிறது, அது சோளக்கதிரைத் தூளாக்கிவிடுமாம். இரண்டாவது காரணத்தைத்தான் இந்தப் பை இல்லாமல் செய்கிறது. முதல் காரணத்தை எந்தப் பையாலும் கட்ட முடியாது. 2001, 2002 பஞ்சத்தில் அரசாங்கத்தின் சேமிப்புத் தானியமே முன்கூட்டி விற்கப்பட்டுக் களஞ்சியம் வெறுமையாகக் கிடந்த நாடு அது. 2023 பங்குனியில் பிரெடி புயல் முலான்ஜே, பிளான்டயர் பக்கமெல்லாம் மலையைச் சரித்தது, அடுத்த வருடமே வறட்சி. இப்படி அடிமேல் அடி விழுகிற வீட்டில் ஆறு மாதம் பொறுத்திருந்து விற்றால் லாபம் என்று சொல்வது சுலபம், அந்த ஆறு மாதத்துக்கு யார் சோறு போடுவது?

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நம்ம லயத்திலயும் சம்பளத்தண்டைக்குக் கடைக்கணக்கு கட்டிட்டு மிச்சத்துலதானே அரிசி வாங்குறோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

சரி, குறைகளும் சொல்ல வேண்டும். எலிக்கு இந்தப் பை ஒரு தடையே இல்லை. ஒரு பையின் வெளிச் சாக்கை அடியில் கொறித்துவிட்டது, நல்லகாலம் உள்பை தப்பியது. இப்போது பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம். சின்ன ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளே போய்விடும், அதனால் திரும்பப் பாவிக்குமுன் உள்பையில் காற்றைப் பிடித்து அமத்திப் பார்க்க வேண்டும். சோளத்தில் காம்பு, சக்கை இருந்தால் குத்தும், புடைத்துத்தான் போட வேண்டும். அந்தத் துளைப்பான் வண்டு சில நேரம் பொலித்தீனையே துளைத்துவிடும் என்றும் மாமா சொன்னார். இன்னொன்று, அடிக்கடி திறந்து திறந்து எடுக்கிற சாமானுக்கு இது சரிவராது. திறக்கிற ஒவ்வொரு தரமும் காற்று உள்ளே போகும். அதனால் ஒரு பையைத் திறந்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறோம். பசறையிலும் பதுளையிலும் உரக்கடை, விதைக்கடை எல்லாம் ஏறி இறங்கிவிட்டேன், எனக்குக் கிடைக்கவில்லை. யாராவது இறக்கி விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன், அது வரைக்கும் தடித்த பொலித்தீன் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு முயற்சி செய்து பார்க்கலாம் என்று யோசனை. மாவு கட்டி வருகிற மெல்லிசுப் பை வேலைக்காகாது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையைக் குறைத்தது எலிக்காக.

நாலாவது பை இன்னும் மடித்தபடியே இருக்கிறது. கீழ் லயத்து அக்கா கேட்டார், உடனே கொடுத்திருப்பேன், ஆனால் மாசியில் அதை நிரப்பக் கையில் காசு வேண்டுமே. மலாவியில் பெண்கள் சேர்ந்து கிழமைக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்க்கிற ஒரு சீட்டு இருக்கிறதாம், அதற்கு பேங்க் ம்கோண்டே என்று பெயர், ம்கோண்டே என்றால் திண்ணையில் என்று அர்த்தம். நம்முடைய இஸ்தோப்புதான். அம்மா, அந்த அக்கா, இன்னும் மூன்று வீடு சேர்ந்து போன ஆடியிலிருந்து கிழமைக்கு 300 ரூபாய் போடுகிறார்கள். கணக்குக் கொப்பி எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மாசி பிறந்தவுடன் பெரியம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டும், இந்தத் தரம் சோளத்துக்கு உப்பு உதிரும் வரைக்கும் கட்டப்போவதில்லை.